ஓடி வந்தவளின் நாடி

கொற்றிக்கு ஓலை வந்தது. சும்மா ஓலை இல்லை. சிவப்புப் பட்டு நூல் சுற்றிய ஓலை.

நெல்லிமலைப் பள்ளியில் ஏழு வருடம் வைத்தியம் படித்தவள் அவள். அதில் பாதிக் காலம் கல்வத்தில் மருந்து அரைத்தே போயிற்று. படிப்பு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. படிப்பு முடிந்தவர்களுக்கு அந்த மலையில் ஒரே வேலைதான், ஓலைக்குக் காத்திருப்பது. 'எங்களுக்கு ஒரு வைத்தியர் வேண்டும், வருக' என்று எங்கிருந்தாவது ஓலை வரும். ஓலை வந்தவர்கள் இறங்கிப் போவார்கள். வராதவர்கள் அரைத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஓலையை நின்றபடியே படித்தாள். மருந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எண்பது படியும் ஏறி ஓடினாள்.

மேலே குகை வாசலில் குரத்தியார் இருந்தார். பாடம் நடத்தும் பெண் துறவிகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். நரைத்துப்போன கிழவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கொற்றிக்கு ஒரு மூத்த அக்காள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். மழித்த தலை, ஒரே வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு மயில்பீலி. சிரிக்கவே மாட்டார் என்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். ஒரு மாதம் போனால் தெரியும், பாதி நேரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று.

"குரத்தியாரே! ஓலை! நாவாய்ப்பட்டினம், பெருவணிகர் நன்னன் மாளிகை. எனக்கு!"

"ஓடி வந்தாயா?"

"எண்பது படியும். நாடி பார்த்து அனுப்புங்கள்."

இடது கையை நீட்டினாள்.

அது பள்ளியின் வழக்கம். படித்து முடித்தவர் வேலைக்கென்று மலையை விட்டு இறங்கும்போது குரத்தியார் அவர் நாடியை ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். வேறு சடங்கு கிடையாது. ஆசீர்வாதம், மாலை, மேளம் எதுவும் கிடையாது. கையைப் பிடிப்பார், விடுவார், அவ்வளவுதான். அதற்காகத்தான் எல்லோரும் ஏழு வருடம் அரைத்தார்கள்.

குரத்தியார் கையைத் தொடவில்லை.

"ஓடி வந்தவர் நாடியைப் பார்க்கலாமா?"

கொற்றி கையை இழுத்துக்கொண்டாள். முதல் வருடம், முதல் நாள் பாடம் அது. ஓடி வந்தவர் நாடியில் ஓட்டம்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். மூச்சு இறங்கும்வரை உட்கார வைக்க வேண்டும்.

உட்கார்ந்தாள். வாய் உட்காரவில்லை.

"தனி வீடு தருகிறார்களாம். ஏவலுக்கு இரண்டு பேர். போய்வரப் பல்லக்கு. குரத்தியாரே, பல்லக்கு! மாளிகையில் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். கப்பலில் சுமை இறக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், காவல்காரர்கள், சமையல்காரர்கள். முந்நூறு பேருக்கும் நான் ஒருத்திதான் வைத்தியர். நாளை விடிந்ததும் ஆள் பதிலோடு திரும்ப வேண்டுமாம். இல்லையென்றால் வேறு பள்ளியில் பார்த்துக்கொள்வார்களாம். போகலாம்தானே?"

"எந்த ஆள்?"

"ஓலை கொண்டுவந்த ஆள்."

"சாப்பிட்டாரா?"

"தெரியாது."

"முகம் எப்படி இருந்தது?"

கொற்றி யோசித்தாள். பட்டு நூல் ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் இல்லை.

"போய் அவர் நாடியைப் பார்த்துவிட்டு வா."

"நான் கேட்டது வேறு, குரத்தியாரே."

"காதில் விழுந்தது. மலை ஏறி வந்தவரைப் பார்க்காமல் அனுப்பி நமக்குப் பழக்கமில்லை."

கொற்றிக்கு எரிச்சலாக இருந்தது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள்.

கீழே உரலுக்கு முன்னால் தத்தன் நின்றிருந்தான். அவளுக்கு மூன்று வருடம் முன்னால் படித்து முடித்தவன். அவனுக்கும் ஓர் ஓலை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஓலையே வரவில்லை.

"என்ன, பல்லக்கு அம்மாள் கால்நடையாகப் போகிறீர்கள்?" என்றான்.

"சும்மா இரு, தத்தா."

"நல்லதுக்குச் சொல்கிறேன். யோசிக்காதே, சரி என்று எழுதிக் கொடு. நான் யோசித்தேன். இப்போது பார், யோசிக்க எவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது என்று."

உலக்கையைத் தூக்கிக் காட்டினான். கொற்றி சிரித்தாள். பிறகு உலக்கையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய பயமே அதுதான். இந்த ஓலையை விட்டால் இன்னொன்று வராது. தத்தனுக்குப் பக்கத்தில் இன்னோர் உரல். இன்னொரு மூன்று வருடம்.

ஓலை கொண்டுவந்தவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே சோறு தின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பள்ளியில் யாரோ இலை போட்டுப் பரிமாறியிருந்தார்கள். அவர் அந்த இலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"உட்கார்ந்து சாப்பிடுங்கள், அண்ணா."

"பழக்கம் விட்டுப்போச்சு, அம்மா."

"உங்கள் பெயர்?"

"நாலு."

"என்ன?"

"சேந்தன். சேந்தன்தான் பெயர். மாளிகையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாசலில் பெரிய மணி ஒன்று இருக்கிறது. வேலைக்கு ஓர் எண். மூன்று முறை அடித்தால் வண்டிக்காரர் ஓட வேண்டும். நாலு முறை அடித்தால் நான். எந்த நேரத்தில் எந்தக் கப்பல் வருமென்று யாருக்குத் தெரியும்? அதனால் எந்த நேரமும் அடிப்பார்கள். உங்களுக்கு ஏழு."

"எனக்கென்று தனி எண்ணா?"

"வைத்தியருக்கு எப்போதும் ஏழுதான்."

கொற்றிக்குப் பெருமையாக இருந்தது. ஏழு. மனதுக்குள் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"சாப்பிட்டு முடியுங்கள். உங்கள் நாடியைப் பார்க்கச் சொன்னார் குரத்தியார்."

"எனக்கு ஒன்றுமில்லையே."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்."

அந்த நேரம் பார்த்துத் தத்தன் உரலில் இடிக்கத் தொடங்கினான். தொம், தொம், தொம், தொம். உலக்கையை நிறுத்திவிட்டு இடித்ததைக் கையால் கிளறினான்.

சேந்தன் ஓடிக்கொண்டிருந்தார்.

இலை கீழே கிடந்தது. சோறு மண்ணில் கொட்டிக் கிடந்தது. வாயில் ஒரு கவளத்தோடு பள்ளிக் கதவுவரைக்கும் ஓடியவர் அங்கே நின்றார். சுற்றிலும் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மெதுவாகத் திரும்பி வந்து, குனிந்து, மண்ணிலிருந்து சோற்றை அள்ள ஆரம்பித்தார்.

"விடுங்கள், அண்ணா. வேறு போடச் சொல்கிறேன்."

"நாலு என்று காதில் விழுந்தது" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

தத்தன் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

கொற்றி அவரை மரத்தடியில் உட்கார வைத்தாள். மூச்சு இறங்கும்வரை காத்திருந்து வலது கையைப் பிடித்தாள். மூன்று விரலையும் வைத்தாள். நாடி நூல்போல ஓடியது. நடுவில் நடுவில் திடுக்கென்று துள்ளியது. உடம்பு உட்கார்ந்திருந்தது, நாடி எழுந்து நின்றிருந்தது.

"எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?"

"கிடைக்கிற வேளை."

"தூக்கம்?"

"துண்டு துண்டாக. மொத்தமாகத் தூங்கி எட்டு மாதம் இருக்கும்."

"வீட்டுக்குப் போவதுண்டா?"

"மனைவி அவளுடைய ஊரில் இருக்கிறாள். வருகிற வழியில் சந்தை கூடுமே, அதற்குப் பக்கத்து ஊர்தான். போன பண்டிகைக்குப் போனேன். சின்ன மகள் என்னைப் பார்த்து ஒளிந்துகொண்டாள்." சிரித்தார். "நல்ல வேலைதான், அம்மா. குறை சொல்லக் கூடாது. பட்டினத்தில் நன்னன் மாளிகை ஆள் என்றால் வழி விடுவார்கள்."

"இதற்கு முன் யார் பார்த்தார்கள்?"

எந்த நோயாளியையும் அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது மலையின் பாடம். முன்னால் பார்த்த வைத்தியர் யார், ஏன் விட்டார், என்ன கொடுத்தார். கேட்காமல் மருந்தைத் தொடக் கூடாது. கொற்றி அதைப் பழக்கத்தில்தான் கேட்டாள்.

"எந்த வைத்தியரைக் கேட்கிறீர்கள்? இரண்டு வருடத்தில் மூன்று பேர். முதல் ஆள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார், வரவேயில்லை. இரண்டாவது ஆள் சொல்லாமலே போய்விட்டார். மூன்றாவது ஆள் இருக்கிறார், பின்கட்டு அறையில் படுத்திருக்கிறார்."

"என்ன நோய்?"

"தெரியவில்லை. வைத்தியர் அவர்தானே, வேறு யார் பார்ப்பது? யாராவது எதையாவது ஏழு முறை தட்டிவிட்டால் அழுகிறார்."

கொற்றி அவர் கையை விட்டாள்.

"கஷாயம் தருகிறேன். பத்தியம் இருப்பீர்களா? புளி கூடாது."

"குறைத்துக்கொள்கிறேன்."

"குறைப்பதில்லை. கூடாது."

"அமாவாசைக்கு மட்டும் கொஞ்சம்."

"அமாவாசைக்கும் கூடாது."

"சரி, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ளலாமா?"

"தொட்டு மட்டும்."

கொற்றிக்குத் திருப்தியாக இருந்தது. பேரம் பேசுகிற நோயாளியை நம்பலாம். எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற ஆள் மலையை விட்டு இறங்கியதும் முதல் கடையில் கருவாட்டுக் குழம்பு கேட்பான். ஏழு வருடத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள்.

மேலே போய்ச் சொன்னாள். நாடி இப்படி, தூக்கம் இப்படி, இன்ன கஷாயம், இன்ன பத்தியம்.

"சரி" என்றார் குரத்தியார். "அது சேந்தனுக்கு. மாளிகைக்கு?"

"மாளிகைக்கு என்ன?"

"உனக்கு முன் யார் பார்த்தார்கள்?"

கீழே அந்தக் கேள்வியைக் கேட்டது கொற்றிதான். பதிலும் அவள் காதில்தான் விழுந்தது. ஆனால் அதை நோயாளியின் கதையாகக் கேட்டாளே தவிர, தன் கதையாகக் கேட்கவில்லை.

அது விளங்கியதும் கோபம் வந்தது.

"நோய் இருக்கிற இடத்துக்குத்தானே வைத்தியர் போக வேண்டும்? நன்றாக இருக்கிற மாளிகைக்கு நான் எதற்கு?"

"உண்மைதான்."

"அப்படியானால் போகலாமா?"

"மாளிகை பத்தியம் இருக்குமா?"

"அதெப்படி எனக்குத் தெரியும்?"

"சேந்தன் இருப்பார் என்று எப்படித் தெரிந்தது?"

"கேட்டேன்."

குரத்தியார் மயில்பீலியை எடுத்துத் தரையில் ஊர்ந்த எறும்புகளை மெல்ல ஒதுக்கிவிட ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அன்று பொழுது சாய்வதற்கு முன்பே உரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் குரத்தியார். யாரும் எதையும் இடிக்கக் கூடாது, தட்டக் கூடாது. சேந்தன் மடப்பள்ளிக்குப் பின்னால் படுத்தார். விடிந்து வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தார். தாமதமாகிவிட்டதே என்று பதறினார். ஆனால் முகம் வேறு முகமாக இருந்தது. அதை இப்போது கொற்றி பார்த்தாள்.

அவளும் ஓலையும் எழுத்தாணியுமாக அப்போதுதான் முடித்திருந்தாள். மாளிகைக்குப் பத்தியம் எழுதியிருந்தாள். இரவில் மணிக்கு எழுந்தவரை மறுநாள் பகலில் எழுப்பக் கூடாது. சாப்பிட எல்லோருக்கும் உட்காரும் நேரம் வேண்டும். எனக்கு முன் இருந்த வைத்தியரோடு நான் ஒரு நாள் பேச வேண்டும். இவற்றுக்குச் சம்மதம் என்றால் வருகிறேன். கடைசியில் இன்னொரு வரி சேர்த்திருந்தாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? 'உங்கள் நான்காம் ஆள் எட்டு மாதமாகத் தூங்கவில்லை என்பதை நானே நாடி பார்த்து அறிந்தேன்.'

அந்த வரி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

குரத்தியார் படியில் எதிர்ப்பட்டார். "எழுதிவிட்டாயா? படித்துப் பார்க்கட்டுமா?"

"நேரமில்லை, குரத்தியாரே. அவர் கிளம்பிவிட்டார்!"

ஓடினாள். சேந்தன் கையில் ஓலையைக் கொடுத்தாள். அவர் அதைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டார். "நீங்கள் வந்தால் எங்களுக்கு நல்லது, அம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான்கு நாள் போயிற்று. கொற்றிக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் எழுதினோம் என்று ஒரு நேரம் தோன்றும், எழுதியது சரி என்று ஒரு நேரம் தோன்றும். சரி என்று தோன்றுகிற நேரம் குறைவு. பல்லக்கை நினைத்துக்கொண்டாள். சேதி எட்டியிருந்தால் ஊரில் அப்பா அதற்குள் யார் யாரிடம் சொல்லியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

"பெரிய வீட்டுக்கே பத்தியம் எழுதிய முதல் ஆள் நீதான்" என்றான் தத்தன். "உனக்கு இடதுபக்க உரலா, வலதுபக்க உரலா?"

ஐந்தாம் நாள் மத்தியானம் ஓலை வந்தது. இந்த முறை பட்டு நூல் இரண்டு சுற்று.

'எல்லாம் சம்மதம். உடனே வருக.'

கொற்றி கத்தியே விட்டாள். தத்தனைப் பார்த்து ஓலையை ஆட்டினாள். எண்பது படியில் பத்துப் படி ஓடி ஏறியும் விட்டாள்.

பதினோராம் படியில் நின்றாள்.

எல்லாம் சம்மதம். ஒரு பேரம்கூட இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

திரும்பிக் கீழே பார்த்தாள். ஓலை கொண்டுவந்தவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சேந்தன் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர், புது மீசை, புது வேட்டி. இறங்கி அவரிடம் வந்தாள்.

"சேந்தன் அண்ணன் வரவில்லையா?"

"யார் அது?"

"நாலு."

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. "நான்தான் நாலு. நேற்று முன்தினத்திலிருந்து."

"பழைய நாலு?"

"அவரா? நாக்கு நீளமாம். மாளிகைச் செய்தியை வெளியில் சொல்லிவிட்டாராம். ஏதோ ஓலையில் இருந்ததாம். அவரே மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்த ஓலைதானாம், பாருங்கள் கூத்தை. படித்த கையோடு போ என்று சொல்லிவிட்டார்கள். மனைவி ஊருக்குப் போயிருப்பார்."

தன் ஓலையின் கடைசி வரி கொற்றிக்கு ஞாபகம் வந்தது.

"பழைய வைத்தியர்? பின்கட்டில் படுத்திருந்தவர்?"

"அவரையும் நேற்றே வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. நீங்கள் வருகிறீர்கள் என்று அறையெல்லாம் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பளிச்சென்று இருக்கிறது. வந்து பாருங்கள்!"

அவர் கேலி செய்யவில்லை. நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில் சொன்னார். அவருக்கும் அது முதல் வேலை.

"நல்ல இடம்தானே, அம்மா?" என்று கேட்டார், திடீரென்று குரலைத் தாழ்த்தி. "நீங்கள் படித்தவர்கள். உங்களுக்குத் தெரியும்."

கொற்றி அவர் கையைப் பிடித்து நாடியைப் பார்த்தாள். மத்தளம்போல நிதானமாக அடித்தது.

"தூக்கம் எப்படி?"

"எனக்கென்ன, படுத்தால் மலைதான்."

தனக்குத் தெரிந்தது அத்தனையையும் அவரிடம் சொன்னாள். மணி, முந்தைய வைத்தியர்கள், மண்ணில் கொட்டிய சோறு. அவர் கேட்டுக்கொண்டார். "பார்க்கலாம், அம்மா" என்றார். அதற்குமேல் அவரிடம் அவளால் என்ன சொல்ல முடியும்? தன்னிடம் ஒரு வாரத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா?

அங்கேயே ஓலையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரே வரி எழுதினாள். வரவில்லை. பட்டு நூலைச் சுற்றி அவரிடமே கொடுத்தாள். நூலைச் சுற்றும் முன்பே, எழுதியதில் யாருடைய பெயரும் எண்ணும் இல்லை என்பதை இரண்டு முறை படித்துப் பார்த்திருந்தாள்.

அவர் போனதும் தத்தன் பக்கத்தில் வந்து நின்றான். ஏதாவது கிண்டல் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

"மூன்று வருடம் முன்னால் நானும் அப்படி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றான். "நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொற்றி. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் கதை."

கொற்றி படி ஏறினாள். ஓட எதுவும் இல்லை. ஒரு படி, இன்னொரு படி. கால் கனத்தது. வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மலையில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள், அதனால் மடப்பள்ளியில் இலை போடும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பசியில்லை.

குரத்தியார் குகை வாசலில் இருந்தார். கொற்றி போய் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் அந்த மாளிகைக்குப் போகவில்லை."

குரத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

"சேந்தன் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. என்னால்தான். நோயாளி என்னிடம் சொன்னதை நான் ஓலையில் எழுதினேன். எழுதியதை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அந்த வரி இருந்தால்தான் என்னை நம்புவார்கள் என்று நினைத்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவர் அதை மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு போனார், குரத்தியாரே."

குரத்தியார் மயில்பீலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நேரமில்லை என்றாய். நான் வழிவிட்டேன்" என்றார். "அதில் பாதி என்னுடையது."

திட்டுவார் என்று நினைத்திருந்தாள் கொற்றி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்கு அழுதுவிட்டாள்.

அழுது முடிந்ததும் குரத்தியார் கேட்டார்.

"இனி என்ன செய்யப்போகிறாய்?"

"காலையில் அவருடைய மனைவி ஊருக்குப் போகிறேன். நான் செய்ததை அவரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்."

"திட்டுவார்."

"அவர் மனைவி இன்னும் அதிகமாகத் திட்டுவார்."

"இருக்கும்."

"கேட்டுக்கொள்வேன். அந்தப் பக்கத்தில் வைத்தியர் யாரும் இல்லை என்று தத்தன் சொன்னான். சந்தைக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன். பின்கட்டில் இருந்த வைத்தியரை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். அவரை யாரும் பார்க்கவில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை. குரத்தியாரே, ஒன்று கேட்கட்டுமா?"

"கேள்."

"இனி எனக்கு ஓலையே வராவிட்டால்?"

குரத்தியார் மயில்பீலியைக் கீழே வைத்தார்.

"கையைக் கொடு."

கொற்றி நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக இடது கையை நீட்டினாள். ஏழு வருடமாக அவள் காத்திருந்த மூன்று விரல்கள் அவள் மணிக்கட்டில் வந்து அமர்ந்தன. குரத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கீழே தத்தன் மறுபடியும் இடிக்கத் தொடங்கியிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. அவள் அசையவில்லை.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டாள்.

குரத்தியார் கண்ணைத் திறந்தார்.

"நடந்து வந்திருக்கிறாய்."